தங்கையின் தாளில் ஒரே ஒரு மந்திரம்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கு ஒரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம். அண்ணன்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவர். நான், தங்கை, அத்தை மகன்கள் இரண்டு பேர் ஆட்டக்காரர்கள். எல்லோரும் மூன்றாம் லெவல். என் கேரக்டர் ‘திக்விஜய வீரப்பிரதாபன்’ என்ற ஃபைட்டர். தொலைந்துபோன பேரரசின் இளவரசன் தான்தான் என்று நம்பிக்கொண்டிருப்பவன். நிஜத்தில் தையற்காரர் மகன். கோவேறு கழுதையில் ஏறிக்கொண்டு அதை ஐராவதம் என்பான், சத்திரத்தை அரண்மனை என்பான். அதற்காகவே ஞானம் என்ற திறனில் சராசரிக்கும் கீழே 8 வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது நான் வாயைத் திறந்தாலே அத்தை மகன்கள் மொபைலை எடுத்துவிடுகிறார்கள். போன வாரம் பாலத்தில் சுங்கம் வாங்குகிறவனை அசுர சேனாபதி என்று வெட்டப்போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. அண்ணன் ‘வேறு கேரக்டர் எடு’ என்கிறார். என் கேரக்டர் அப்படித்தானே செய்வான்? தங்கை மட்டும்தான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் கிளெரிக், தெய்வத்தின் அருளால் மந்திரம் போடுகிறவள். முன்பு என்னென்னவோ மந்திரங்கள் எழுதி வருவாள். இப்போதெல்லாம் காயம் ஆற்றும் மந்திரம் ஒன்றைத்தான் தாளில் எழுதி வருகிறாள், அதனால் நானும் துணிந்து ஆட முடிகிறது. என் நகைச்சுவையை மற்றவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: ‘என் தமாஷ் இவர்களுக்குப் புரியவில்லை’ என்று வரும் கடிதங்களுக்கு இங்கே பஞ்சமே கிடையாது, தம்பி. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது. சிரித்தும் ஆயிற்று, சலித்தும் ஆயிற்று. அத்தை மகன்களை விடுங்கள், மொபைலை எடுத்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டிவிட்டார்கள். அண்ணனும் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு உங்கள் தங்கையைப் பற்றித்தான் பேச வேண்டும். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஏதோ நல்ல செய்தி மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி.

மூன்றாம் லெவல் கிளெரிக். ஞானம் 16 இருந்தால், கிளெரிக்குக்கு அது சாதாரணம்தான், ஒவ்வொரு நாளும் ஆறு மந்திரங்களைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்துகொள்ளலாம். அவள் வணங்கும் தெய்வத்தின் வழியில் தானாக வருபவை தனிக்கணக்கு. எதிரி மேல் ஒளிக்கீற்றைப் பாய்ச்சலாம். காற்றில் தானே மிதந்து அடிக்கும் ஆயுதத்தை வரவழைக்கலாம். ஒருவனை நின்ற இடத்திலேயே உறைய வைக்கலாம். ஓர் இடத்தில் சின்னச் சத்தம்கூட எழாமல் செய்யலாம். இத்தனையும் கைவசம் உள்ள பெண் ஒன்றே ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறாள் என்றால், அவள் விளையாட வரவில்லை, டியூட்டிக்கு வருகிறாள்.

அந்த டியூட்டி எப்படிப்பட்டது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? அந்த மந்திரம் தொட்டால்தான் பலிக்கும். நீங்கள் ‘ஐராவதமே, முன்னேறு!’ என்று கத்திக்கொண்டு எதிரிகளுக்கு நடுவே போய் விழுகிறீர்கள். அவள் அதே எதிரிகளைத் தாண்டி உங்களிடம் வரவேண்டும். எவ்வளவு அடி தாங்கலாம் என்ற ஹிட் பாயின்ட் கணக்குக்கு ஃபைட்டருக்குப் பத்துமுகப் பகடை, கிளெரிக்குக்கு எட்டுமுகம். ஆக, உங்களைவிட அவளுக்கு ஹிட் பாயின்ட்டும் குறைவாகத்தான் இருக்கும். வந்து தொட்டு மந்திரம் சொன்னதும் அந்தச் சுற்றில் அவளுடைய ஆக்‌ஷன் தீர்ந்தது. நீங்கள் எழுந்து நின்று வசனம் பேசுகிறீர்கள். மேசையில் உள்ளவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள். அடுத்த சுற்றில் மறுபடி விழுகிறீர்கள். மூன்றாம் லெவலில் அவளுக்கு இருப்பது முதல் தர ஸ்லாட் நான்கு, இரண்டாம் தர ஸ்லாட் இரண்டு. இந்த மந்திரத்தை ஒரு தடவை போட்டால் ஒரு ஸ்லாட் காலி. ஆறும் உங்கள் உடம்பிலேயே கரைகிறது. நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அவை திரும்ப வரும். ஓய்வு முடிந்ததும் நீங்கள் அடுத்த திக்விஜயத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்கள்.

‘அவள் ஒன்றும் சொல்வதில்லை’. இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றும் சொல்லாதவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் வாய் திறக்காததை மற்றவர்கள் சம்மதம் என்று வரவு வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் என்றைக்காவது அவர் எழுந்து போய்விட்டால், ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்று அங்கலாய்ப்பு வேறு. உங்கள் தங்கை சொல்லிவிட்டாள், தம்பி. ஆறு மந்திரம் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றை எழுதிச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குத்தான் அது வசதியாகப் பட்டது.

நான் கொஞ்சம் பழைய ஆள். மூத்தவனுக்குக் கடமை உண்டு என்று நம்புகிறவள். ஆனால் தங்கையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வாள் சுழற்றுகிற கடமையைச் சொல்லவில்லை. இளையவளுக்கு முறை வரும்போது ஒதுங்கி இடம் விடுவது, அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது, தான் கொட்டியதைத் தானே அள்ளுவது. இவ்வளவுதான் நான் கேட்கிற கடமை. இதை விளையாட்டில் செய்ய முடியாதவன் வீட்டில் செய்வான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்து, ‘என் கேரக்டர் அப்படித்தானே செய்வான்’ என்ற வாதம். வீரப்பிரதாபன் தானாகப் பிறந்து வந்து உங்கள் தாளில் உட்கார்ந்துகொண்டானா? ஞானத்தில் 8 போட்டது நீங்கள். அந்த 8 என்ன சொல்கிறது? ஞானத்துக்கான உருட்டல் வந்தால் ஒன்றைக் கழித்துக்கொள் என்கிறது. மைனஸ் ஒன்று, அவ்வளவுதான். சுங்கம் வாங்குகிறவனை வெட்டு என்று எந்த எண்ணும் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள். படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது இந்த ஆட்டம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது இதில் இருந்த புதுமையே, படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பாத்திரம் என்பதுதான். உங்கள் மேசையில் காலம் பின்னோக்கிப் போய், மற்ற எல்லோரும் உங்கள் ஒருவனின் படையாகிவிட்டார்கள்.

இருந்தாலும் கேரக்டரை மாற்றச் சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. இவனைக் கிழித்துப்போட்டால் அடுத்து வருகிறவனும் வேறு பெயரில் இதையேதான் செய்வான். தவிர, தன்னை இளவரசன் என்று நம்பும் தையற்காரன் மகன் நல்ல பாத்திரம். நீங்கள்தான் அவனை வீணடிக்கிறீர்கள்.

அவன் பொய்யன் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கோட்டை வாசலில் நின்று ‘நான் இளவரசன், கதவைத் திற’ என்கிறான். டிஎம் இதற்கு ஏமாற்று உருட்டல் கேட்க வேண்டியதே இல்லை. மனதறிந்து அவன் பொய் சொல்லவில்லையே. காவலன் தன் பங்குக்குப் பகடையை உருட்டி இவன் முகத்தைப் படித்துப் பார்க்கட்டும். அங்கே தெரிவது கலப்படமில்லாத உண்மை. கண் எதிரே கழுதை நிற்கிறது, அதன் மேல் இருப்பவனோ சத்தியமாக நம்பித்தான் பேசுகிறான். காவலன் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று முழித்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் அத்தை மகன் பின்னால் நழுவி உள்ளே போய்விடலாம். தங்கை இளவரசரின் வைத்தியராக நடித்துக் காரியத்தை முடித்துவிடலாம். சிரிப்புக்கும் குறைவில்லை, எல்லோருக்கும் ஆட இடமும் கிடைத்தது. அதே காவலன் மேல் வாளை ஓங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சண்டை முடிகிற வரைக்கும் மற்றவர்கள் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். பாலத்தில் நடந்தது இதுதான்.

வீரனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கலாம், அவனை ஆட்டுகிறவருக்குப் பிடித்திருக்கக் கூடாது. எதிரில் நிற்பவன் யார் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்துகொண்டே அவனைத் தப்பாகப் பார்க்க விட வேண்டும். பார்க்கிறதை எல்லாம் தப்பாகப் பார்க்கவும் தேவையில்லை. இளவரசன் என்ற ஒரே மயக்கம் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரட்டும். அந்த மயக்கத்துக்கு ஆகும் செலவு அவன் தலையில்தான் விழ வேண்டும். பங்காகக் கிடைத்த பொற்காசை ‘பிரஜைகளுக்கு’ வாரி இறைத்துவிட்டு இரவு படுக்க இடமில்லாமல் நிற்கட்டும். ஐராவதத்துக்கு முகபடாம் வாங்கிப் போட்டு, கழுதைக்குக் கண்ணே தெரியாமல் அது சாக்கடைக்குள் இறங்கட்டும். சத்திரத்தில் சிம்மாசனம் கேட்டு முக்காலியில் உட்காரட்டும். இதற்கெல்லாம் யாரும் ஸ்லாட் செலவழிக்க வேண்டாம்.

கத்தியை எடுக்கிற கட்டம் வந்தால் மட்டும் கேரக்டரை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு, உங்கள் சொந்தக் குரலில் மேசையைக் கேளுங்கள்: ‘இவன் இப்போது வெட்டப் போகிறான், யாராவது தடுக்கிறீர்களா?’ இப்படிக் கேட்பதால் ஆட்டம் கெட்டுப்போகாது. தடுக்கிறவருக்கும் அதில் ஒரு காட்சி கிடைக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். இளவரசன் என்றால் ராஜகுரு இல்லாமலா? கிளெரிக் வாய் திறந்தால் அது தெய்வ வாக்கு என்று அவன் நம்பட்டும். அவள் ‘நில்’ என்றால், எதிரில் அசுர சேனாபதியே நின்றாலும், நின்றாக வேண்டும். ‘குளிருகிறது’ என்று அவள் சும்மா சொன்னால்கூட அதில் மறைபொருள் தேடி ராத்திரி முழுக்க முழித்துக் கிடக்கட்டும். கடிவாளம் அவள் கைக்குப் போய்விடும், தமாஷும் இரட்டிப்பாகும். ஆனால் இதை அவளைக் கேட்காமல் ஆரம்பித்துவிடாதீர்கள். ஏற்கனவே ஒரு வேலையை அவளைக் கேட்காமல்தான் அவள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை, நீங்களே படித்துக் காட்டுங்கள். டிஎம் இடத்தில் உட்கார்ந்து சண்டை முழுவதையும் நடத்துகிறவர் அவர். தங்கையிடமிருந்து வாராவாரம் ஒரே மந்திரம்தான் வருகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தம்பியைக் கண்டிக்கத் தெரிந்தவருக்கு, தங்கையிடம் ‘உனக்கு என்னம்மா செய்ய ஆசை’ என்று கேட்க ஏன் வாய் வரவில்லை?

அவளிடம் பேசுவதை ஆட்டம் நடக்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘உனக்கு ஒன்றும் கஷ்டமில்லையே’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும், நீங்களும் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அவளுடைய பழைய தாள்கள் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து வைத்துக்கொண்டு, முன்பு எழுதிய மந்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்: இதை எதற்கு எடுத்தாய், எங்கே போட நினைத்தாய், ஏன் விட்டுவிட்டாய்? கடைசிக் கேள்விக்கு அவள் சொல்லும் பதில் உங்களுக்கு உறைக்கும். உறைக்கட்டும். மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் வீரப்பிரதாபன் குரலில் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு வரும் ஆட்டத்தில் கீழே விழுந்தால் விழுந்தபடியே கிடங்கள். உங்கள் முறை வரும்போது இருபதுமுகப் பகடையை உருட்டுங்கள். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உங்கள் பக்கம் ஒன்று, குறைந்தால் எமன் பக்கம் ஒன்று. எந்தப் பக்கம் முதலில் மூன்று சேருகிறதோ அதுதான் முடிவு. ‘ஐயோ, யாராவது வாருங்களேன்’ என்று தங்கையின் பக்கம் பார்க்கக் கூடாது. அவள் அந்த நேரத்தில் ஒளிக்கீற்றைப் பாய்ச்சுகிறாளா, எதிரியை உறைய வைக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு கிடங்கள். தானாக மனம் வந்து உங்களிடம் ஓடி வந்தால், அது அவள் இஷ்டம்.

செத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. குணமாக்கும் மருந்து குப்பி ஒன்று 50 பொற்காசு. நான்முகப் பகடை இரண்டை உருட்டி, வரும் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் அத்தனை ஹிட் பாயின்ட் ஏறும். அதைத் தேவாமிர்தம் என்று வீரப்பிரதாபன் நம்பிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. காசு அவன் பையிலிருந்து போகவேண்டும், கீழே விழுவதற்கு முன்பே குடித்துவிட வேண்டும்.