பாலிப் ரிப்போர்ட்டில் ‘லாஸ் ஆஃப் போலாரிட்டி’: கேன்சருங்களா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மலத்தில் ரத்தம் போனதால் கோவையில் கொலோனோஸ்கோபி செய்து, பெருங்குடலில் இருந்த ஒன்றரை சென்டிமீட்டர் பாலிப்பை (சதை வளர்ச்சியை) எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு டிஸ்பிளேசியா, லாஸ் ஆஃப் போலாரிட்டி’ என்று இருக்கிறது. கேன்சருங்களா? தினமும் மஞ்சள்தூள் கலக்கிக் குடித்தால் சரியாகுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ‘ஹை கிரேடு டிஸ்பிளேசியா’ என்றால் செல்கள் ரொம்பவே மாறிப்போயிருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் ‘இன்வேஷன் இல்லை’, அதாவது அவை உள்ளே ஊடுருவவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால், இது இன்னும் கேன்சர் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும்.

குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு மேல் கீழ் உண்டு, கொடிவேரிப் பாசனத்து வயலில் நட்ட நாற்று மாதிரி. அடிப்பக்கம் ஒரு சவ்வில் ஊன்றியிருக்கும், மேல்பக்கம் சத்தை உறிஞ்சும் அல்லது சளி விடும். நியூக்ளியஸ்கள் அடியில் ஒரே வரிசையாக இருக்கும். அந்த வரிசை குலைந்து, அவை தாறுமாறாக மேற்பரப்பு வரை ஏறியிருந்தால், திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்ட் ‘லாஸ் ஆஃப் போலாரிட்டி’, அதாவது செல்லுக்குத் திசை கெட்டுவிட்டது என்று எழுதுவார்.

திசை தெரிந்த செல் பிரியும்போது இரண்டு புதுச் செல்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். திசை கெட்டால் பிரியும் கோணமே மாறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். பக்கத்துச் செல்லைப் பிடித்து வைத்திருக்கும் ஈ-கேடெரின் புரதமும் தளரலாம். செல்கள் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்க அந்தத் தளர்ச்சி வழிவிடும். பழ ஈயின் இளம்புழுவில் செல்லின் திசையைக் காக்கும் ஸ்கிரிபிள் என்ற ஒரே ஜீன் செயலிழந்தாலே திசு கட்டியாகப் பெருத்துவிடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ்கூட நம் செல்களில் இதே ஸ்கிரிபிள் புரதத்தைத்தான் அழிக்கிறது. பொல்லாத வைரஸ்! ஆனால் மனிதர்களுக்குத் திசை கெடுவது மட்டும் போதாது. ஏ.பி.சி., கே-ராஸ் போன்ற ஜீன்களிலும் கோளாறு சேர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும்.

சரி, இப்போது என்ன செய்வது? பாலிப் முழுசாக வந்ததா, ‘மார்ஜின்’ (வெட்டிய ஓரம்) சுத்தமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் சரி என்றால் பொதுவாக 3 வருடத்தில் மறுபடி ஸ்கோப்பி. துண்டு துண்டாக எடுத்திருந்தால் சுமார் 6 மாதத்திலேயே பார்க்க வேண்டும். “நல்லாத்தான இருக்கறேன்” என்று அப்பா தட்டிக் கழிப்பார், விடாதீர்கள்.

மஞ்சள் விளைகிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. குழம்புக்குப் போடுகிற அளவு போடட்டும். ஸ்கோப்பிக்கு அது பதிலாகாது.

அப்புறம், உங்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் 40 வயது ஆகியிருந்தால் இந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உங்கள் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள்.