வெப்பப்படத்தில் ‘அடைப்பு’ தெரிந்ததாம், பணம் கட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய், இப்போது வலது முழங்காலில் வலி. தோழி சொன்னாரென்று ஒரு சீன மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வெயிலிலிருந்து உள்ளே போன ஐந்து நிமிடத்தில் வெப்பக் கேமராவில் படம் எடுத்தார்கள். முழங்கால் நடுவில் ஒரு நீலத் திட்டு, இரண்டு பாதங்களும் கருநீலம். “வயிற்று மெரிடியன் (உடலில் சக்தி ஓடும் பாதையாம்) முழங்காலில் அடைபட்டிருக்கிறது, 20 தடவை வந்து அக்குபங்சர் ஊசி வைத்துக்கொண்டால் திறந்துவிடலாம்” என்கிறார்கள். 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம். கேமரா பொய் சொல்லாதே என்கிறார் அம்மா. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஊசி வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். இந்தப் படத்தை நம்பி 1,800 வெள்ளி கட்டாதீர்கள்.

கேமரா பொய் சொல்லாது என்று அம்மா சொல்வது சரிதான். ஆனால் அது சொல்வது ஒரே ஒரு விஷயம்: தோலின் மேற்பரப்பு எந்த இடத்தில் எவ்வளவு சூடு. தோல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அது பிடிக்கிறது. அந்தக் கதிர் தோலின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து வருவது. உள்ளே எலும்பையோ குருத்தெலும்பையோ அது பார்ப்பதில்லை, சக்தி ஓடும் பாதையையும் பார்ப்பதில்லை. படத்தின் மேல் மெரிடியன் கோடுகள் இருந்தனவா? இருந்திருந்தால் அவை மென்பொருளில் முன்பே வரைந்து வைத்தவை. கோடு இல்லாத படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

முழங்கால் நடுவில் தெரிந்த நீலத் திட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முழங்கால் சில்லின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் தசை கிடையாது. அதனால் ஆரோக்கியமான முழங்காலிலேயே அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாகத்தான் தெரியும். வயிற்று மெரிடியன் சில்லின் ஓரமாகப் போவதாகச் சீன நூல்கள் சொல்வதால், இயல்பான ஒரு குளிர் இடம் ‘அடைப்பு’ ஆகிவிட்டது. வலிக்கிற முழங்கால் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

பாதங்கள் கருநீலமாகத் தெரிந்ததற்கு ஏர்கானே போதும். வெளியே வெயில், உள்ளே குளிர். உடல் முதலில் கைகால் நுனிகளின் ரத்தக் குழாய்களைத்தான் சுருக்கும். இதனால்தான் முறையாகப் படம் எடுப்பவர்கள் சீரான வெப்பமுள்ள அறையில், எடுக்கப்போகும் பகுதியில் துணி இல்லாமல், குறைந்தது 15 நிமிடம் உட்காரவைத்துவிட்டு எடுப்பார்கள். அன்று காபி குடித்தீர்களா, புகைத்தீர்களா, தைலம் தேய்த்தீர்களா என்றும் கேட்பார்கள். முழங்கால் வலி உள்ள ஒருவர் கோடாலித் தைலம் தேய்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புவாரா? தைலமும் படத்தை மாற்றும், முழங்காலில் போட்ட பட்டையும் மாற்றும்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது வண்ணம்தான். வெப்பத்துக்கு நிறம் கிடையாது. எந்த வெப்பத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்வது கேமராவை இயக்குபவர். அளவுகோலை 20 முதல் 40 டிகிரி வரை வைத்தால் அம்மாவின் கால் பெரும்பாலும் ஒரே நிறமாகத் தெரியும். அதையே 30 முதல் 33 என்று இறுக்கினால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று திருவிழா நடக்கும். கால் அதேதான். இன்னொரு தந்திரமும் உண்டு. முதல் நாள் ஒரு அளவுகோல், பத்தாவது நாள் வேறொரு அளவுகோல், “பாருங்கள், அடைப்பு திறந்துவிட்டது!” எண்கள் அச்சிடாத வண்ணப்படத்தை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

‘ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்’ என்றும் சொல்லியிருப்பார்கள். 2005இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரிட்ஸ்-ஆல்பர்ட் பாப்பும் சகாக்களும், மோக்சா என்ற உலர்ந்த மூலிகையை எரித்து உடலுக்குச் சூடு காட்டியபோது, அகச்சிவப்புக் கேமராவில் மெரிடியன் போன்ற கோடுகள் தெரிந்ததாக எழுதினார்கள். விற்பனைத் தாள்களில் சுற்றுகிற படங்களுக்கு மூலம் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். அதே ஆண்டு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ஹார்ட் லிட்ஷர் ஊசி, லேசர், மோக்சா மூன்றையும் வைத்து இதைச் சோதித்தார். கோடுகள் வெறும் தொழில்நுட்பத் தோற்றப்பிழை என்ற முடிவுக்கு வந்தார். இந்த இரண்டாவது கட்டுரையை எந்த விற்பனையாளரும் காட்டுவதில்லை. 1985இல் பிரான்சில் கதிரியக்கப் பொருளை ஊசிப் புள்ளிகளில் செலுத்தி ‘மெரிடியனைக் கண்டோம்’ என்றார்கள். அது சிரை வழியாக வடிந்தது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இன்னொன்று, 1973இல் சீனாவின் மாவாங்துயி கல்லறையில் கிடைத்த பழங்காலப் பட்டு ஏடுகளில் 11 மெரிடியன் பாதைகள்தான் இருக்கின்றன, இப்போது சொல்வது 12. கேமரா எதைக் கண்டுபிடித்ததாம்?

கேமராவையும் மென்பொருளையும் பயிற்சிச் சான்றிதழையும் ஒரே கட்டாக நிலையங்களுக்கு விற்கும் முகவர்கள் இருக்கிறார்கள். போட்ட பணத்தை எடுக்க நிலையத்துக்கு உங்களைப் போன்ற 1,800 வெள்ளிகள் வேண்டும். நிலையத்தின் சுவரில் மாட்டுவது ‘அமெரிக்க எஃப்டிஏ பதிவுச் சான்றிதழ்’. எஃப்டிஏ என்பது அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அப்படி ஒரு சான்றிதழை அந்த அமைப்பு கொடுப்பதே இல்லை, அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்பகப் பரிசோதனையில் மேமோகிராமுக்குப் பதிலாக வெப்பப்படத்தை நம்பாதீர்கள் என்று 2011இலிருந்து எச்சரித்தும் வருகிறார்கள். சிங்கப்பூரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது, நல்லதுதான். ஆனால் பதிவு மருத்துவருக்குத்தான், அவர் திரையில் காட்டும் படத்தின் விளக்கத்துக்கு அல்ல. கருவி வெப்பத்தைச் சரியாகவே அளக்கலாம். அந்த வெப்பத்துக்கு என்ன அர்த்தம் சொல்லி என்ன விற்கிறார்கள் என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்தால்தான் கோப்பே திறக்கும்.

அப்படியானால் தோலின் வெப்பத்துக்கு மருத்துவத்தில் மதிப்பே இல்லையா? ஒரு இடத்தில் உண்டு, அது உங்கள் அம்மாவுக்கே பொருந்துவதால் நிதானமாகப் படியுங்கள். நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிவிடும். தினமும் இரண்டு பாதங்களிலும் அதே ஆறு இடங்களைத் தோல் வெப்பமானியால் அளந்து, இடதுக்கும் வலதுக்கும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கை. அடுத்த நாளும் அப்படியே இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கவனியுங்கள், இங்கே ஆபத்து சூட்டில் இருக்கிறது, அதுவும் ஒரு பாதத்தில் மட்டும். அம்மாவுக்குக் காட்டியது இரண்டு பாதத்திலும் குளிர். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் புண் இருந்தாலோ, ஒரு காலில் ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ இந்த ஒப்பீடு கைவிடும், அப்போது மருத்துவர் கையால் பார்த்தால்தான் ஆகும். அம்மாவின் பாதத்தில் உணர்வு எப்படி, நாடி எப்படி என்று இந்த வருடம் யாராவது பார்த்தார்களா? இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நேரம் வாங்குங்கள். முழங்காலையும் அங்கேயே காட்டிவிடலாம்.

சரி, ஊசிக்கு வருகிறேன். 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வு, மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி உள்ள ஆயிரத்துச் சொச்சம் பேரை எடுத்துக்கொண்டது. முறையான புள்ளிகளில் ஊசி வைத்தவர்களில் 53 சதவீதத்தினர் தேறினார்கள். புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51. ஊசி இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 29. ஊசியால் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது, எந்தப் பாதையில் குத்துகிறார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மாவுக்கு ஆசையிருந்தால், பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவரிடம், அந்தந்த நாளுக்கான காசை அன்றன்று கொடுத்து, நாலைந்து தடவை பார்க்கட்டும். வலி குறையவில்லையென்றால் நிறுத்திவிடலாம். காலில் மட்டும் மோக்சா சூடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதம் மரத்திருந்தால் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

முன்பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களென்றால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், படத்தின் நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.