வாடகை ரூஃப் பாக்ஸ்: கேளுங்கள், சொல்கிறேன்

காருக்கு மேல் பெட்டியை வாடகைக்கு மாட்டிக்கொண்டு, குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கார் ஆக்சசரீஸ் மாட்டுவது என் தொழில், அதற்குள் வருவதைச் சொல்கிறேன். சட்டக் கேள்விகளுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் கேள்விகளுக்கு உங்கள் பாலிசிக்காரர் இருக்கிறார்.

வேளச்சேரி: பாக்ஸில் 75 கிலோ வரை ஏற்றலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இரண்டு கேன் தண்ணீர், டென்ட், அரிசி, பாத்திரம் எல்லாவற்றையும் மேலே போட்டுவிடலாமா?

கூடாது சார். 75 கிலோ என்பது அந்தப் பெட்டி தாங்குகிற கணக்கு. உங்கள் கார் கூரை எவ்வளவு தாங்கும் என்பது ஓனர்ஸ் மேனுவலில் தனியாக இருக்கும். பல கார்களில் அது 50லிருந்து 75 கிலோவுக்குள்தான். பெட்டியைத் தாங்கக் கூரையின் குறுக்கே மாட்டும் கம்பிகள்தான் கிராஸ் பார், அதற்கும் ஓர் அளவு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. கூரைக் கணக்கில் பெட்டியின் எடையும் பாரின் எடையும் சேரும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கூரைக்கு 50 கிலோ, பெட்டி 20, பார் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானுக்கு மிஞ்சுவது 25 கிலோ. தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேன் ஒன்றே 20 கிலோவுக்கு மேல். அதை ஏற்றிய கையோடு கிட்டத்தட்ட மூடிவிட வேண்டியதுதான்.

கேன், அரிசி, பாத்திரமெல்லாம் டிக்கியில், பின் சீட்டை ஒட்டித் தரையோடு வையுங்கள். மேலே போக வேண்டியவை இடத்தை அடைத்துக்கொண்டு கனக்காத சாமான்கள்: ஸ்லீப்பிங் பேக், பாய், தலையணை, துணி. டென்ட்டும் போகலாம், ஆனால் இரண்டு பாருக்கும் நடுவில். முன்னும் பின்னும் லேசானதைத் திணித்து, உள்ளே இருக்கும் பெல்ட்டால் இறுக்குங்கள். இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் மொத்தமும் முன்னால் சரியும். எடை பார்க்க வீட்டு மெஷின் போதும். பையோடு ஏறி நின்று உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர்: என் காரில் ரூஃப் ரெயில் இருக்கிறது. அதில் மாட்டலாமா?

கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் அந்த ரெயில் எல்லாக் காரிலும் சுமைக்கானதல்ல. சில கார்களில் அது வெறும் அலங்காரம். கையால் ஆட்டிப் பார்த்து ஸ்ட்ராங்காக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மேனுவலைப் பாருங்கள்.

பெரம்பூர்: சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நல்ல பிராண்ட் பெட்டிகள் பலவற்றில் எல்லாக் கொக்கியும் விழுந்தால்தான் சாவி வெளியே வரும். சாவி வரவில்லை என்றால் ஏதோ ஒரு மூலையில் போர்வை நுனி மாட்டியிருக்கும். முறுக்கி இழுக்காமல் திறந்து, துணியை உள்ளே தள்ளிவிட்டு மூடுங்கள். கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் போனதும் டீக்கு நிறுத்தி, பார் கிளாம்பை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

மயிலாப்பூர்: இதெல்லாம் தேவையா? அம்பாசடர் காலத்தில் கேரியரில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டித் திருப்பதி, கன்னியாகுமரி எல்லாம் போகவில்லையா?

போனீர்கள் சார், மறுக்கவில்லை. ஆனால் அம்பாசடர் கூரை ஓரம் முழுக்க மழைத்தண்ணீர் வடிய ஒரு தகட்டு விளிம்பு ஓடும். கேரியரின் கால்கள் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். இன்றைய கார்களில் அந்த விளிம்பே கிடையாது. வேகமும் ஒரு காரணம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50ல் போனவர் 100ல் போனால் நான்கு மடங்கு. அந்தக் காற்றில் தார்ப்பாய் ஓரம் படபடவென்று அடித்து அடித்தே கயிற்றைத் தளர்த்திவிடும்.

மயிலாப்பூர், மறுபடியும்: அப்படியானால் டாக்ஸிக்காரர்கள் இன்றும் கேரியரோடுதானே ஓடுகிறார்கள்?

ஓடுகிறார்கள். அந்தக் கேரியரின் எடையும் கூரைக் கணக்கில்தான் சேரும். பெரும்பாலும் இரும்பு, கனமும் அதிகம். பத்து சூட்கேஸ் அடுக்கிப் போவதைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள்.

கொளத்தூர்: மயிலாப்பூர் ஐயா சொல்வதுதான் சரி. வாடகையும் டெபாசிட்டும் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியா?

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகாபலிபுரம் வரை நாலு பாயும் தலையணையும் கொண்டுபோகத் தார்ப்பாய் போதும், சரியான கிராஸ் பாரும், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டும் இருந்தால். தேங்காய் நாரும் நைலான் கயிறும் வேண்டாம். மழையில் நெடுந்தூரம், குழந்தைகளின் துணிமணி என்றால் பெட்டிதான். அதிலும் தண்ணீர் சொட்டு சொட்டாக இறங்கலாம், துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மயிலாப்பூர் சாருக்கு இன்னும் சொல்ல இருந்தால் கடைக்கு வாருங்கள், காபி என் செலவு. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாம்பரம்: எத்தனை கிலோ ஏற்றலாம்?

மேலே வேளச்சேரிக்குச் சொன்னதுதான்.

அண்ணா நகர்: மைலேஜ் அடி வாங்குமா?

வாங்கும் மேடம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்லும் கணக்கில், பெரிய மொட்டை முகப்புப் பெட்டிக்கு ஊருக்குள் 2லிருந்து 8 சதவீதம் போகும். மணிக்கு 105, 120 கி.மீ. என்று பறந்தால் 10லிருந்து 25 சதவீதம். பெங்களூர் ரோட்டில் 80ல் போங்கள். திரும்பி வந்ததும் கழற்றிவிடுங்கள், காலிப் பெட்டியும் காற்றைத் தடுக்கும்.

போரூர்: சிறிய கேஸ் கேனிஸ்டரைப் பாக்ஸில் வைக்கலாமா? எவ்வளவு எடை தாங்கும்?

எடைக்கு மேனுவல். கேஸ் வேண்டாம், வேண்டவே வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று கேனிஸ்டரிலேயே அச்சடித்திருக்கும். சித்திரை வெயிலில் மூடிய கறுப்புப் பெட்டி அதைத் தாண்டிவிடும். பவர் பேங்க்கும் அங்கே கூடாது.

வடபழனி: சன்ரூஃப் திறக்கலாமா?

பெட்டி மேலே இருக்கும்வரை தொடாதீர்கள். பின் கதவு திறக்கும்போது பெட்டியில் இடிக்கிறதா என்றும் மாட்டும்போதே பாருங்கள்.

மடிப்பாக்கம்: கொல்லிமலை போகலாமா?

போகலாம். 70 கொண்டை ஊசி வளைவு. மேலே கனம் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாயும், அதனால் எடையை இன்னும் குறையுங்கள். இறங்கும்போது கீழ் கியர்.

நங்கநல்லூர்: ஊட்டிக்கு இ-பாஸ் எப்படி எடுப்பது?

2024 மே முதல் கட்டாயம். அரசு இணையதளத்தில் எடுக்க வேண்டும். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடையாறு: பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இடிக்குமா?

இடிக்கும் வாய்ப்பு அதிகம். மாட்டியதும் தரையிலிருந்து பெட்டி உச்சி வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். நுழைவில் இருக்கும் உயர போர்டோடு ஒப்பிட்டு, சந்தேகமாக இருந்தால் வெளியே நிறுத்துங்கள். அப்பார்ட்மென்ட்காரர்கள் வீட்டு கேட்டையும் அளக்கவும்.

திருவான்மியூர்: திருப்பிக் கொடுக்கும்போது டெபாசிட்டில் பிடிக்காமல் இருக்க?

வாங்கும்போதே மூடி, கீல், பூட்டு, அடிப்பக்கக் கீறல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னால் போட்டோ எடுங்கள். கடற்கரையில் தங்கினால் மணல் கீலுக்குள் போகும். துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் ஈரத் துணியால் துடையுங்கள்.

பல்லாவரம்: கூரையில் எத்தனை கிலோ...

மேனுவல்.