முதலில் கூட்டைக் காய வையுங்கள்: புறா வளர்ப்போர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, மருந்தின் பெயர் மட்டும் கேட்பவை. மருந்துக்கு முன் இரண்டு விஷயம்: கூடு காய்ந்திருக்கிறதா, தண்ணீர்ப் பாத்திரம் இன்று கழுவப்பட்டதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தவர்கள் மேலே படியுங்கள்.

உவர்மலை: ஹோமர் (வீடு திரும்பும் பந்தயப் புறா) குஞ்சுகள் பத்து. 45 நாளாகிவிட்டது. இன்னும் வெளியே விடவில்லை. எப்போது விடலாம் சேர்?

பிந்திவிட்டீர்கள். 28 நாளில் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, 30ஆம் நாளிலிருந்து இறங்குபலகையின் மேல் கம்பிவலைக் கூண்டு கவிழ்த்து, தினமும் ஒரு மணித்தியாலம் வெளியே பார்க்க விட்டிருக்க வேண்டும். சிறகு முற்றுமுன் கூரையும் பக்கத்துத் தென்னையும் மனதில் பதிந்துவிட்டால் குஞ்சு ஓடாது. 45 நாளில் முதல் எழும்பலிலேயே உயரம் பிடித்துவிடும். திரும்பும் வழி தெரியாது.

இப்போது செய்யக்கூடியது இதுதான். ஒரு கிழமை கூண்டுக்குள் வைத்துக் காட்டுங்கள். அந்தக் கிழமை முழுதும் முக்கால் தீனி. தீனி டின்னைக் குலுக்கிய பிறகே தீனி வையுங்கள், அந்தச் சத்தம்தான் உங்கள் கயிறு. பிறகு காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, மாலைத் தீனிக்கு ஒரு மணித்தியாலம் முன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கையால் தூக்கி எறியவேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் திறக்கவே வேண்டாம். உவர்மலையில் காற்றோடு போகிற குஞ்சுக்கு அடுத்தது கடல்தான்.

கிண்ணியா: கொழும்பில் மூன்று வயதுச் சோடி ஒன்று வாங்கினேன் நானா. எத்தனை நாள் அடைத்து வைத்தால் நம்ம கூட்டுக்குப் பழகும்?

பழகாது. ஏறக்குறைய 225 கிலோமீற்றர் நல்ல ஹோமருக்கு ஒரு காலைப் பொழுது. அடைத்தே வைத்துக் குஞ்சு எடுங்கள், குஞ்சைப் பறக்கவிடுங்கள்.

தம்பலகாமம்: ஹபரணைப் பக்கமாகப் பழக்க விருப்பம். எந்தத் தூரத்தில் தொடங்குவது? ஒரு நண்பர் நேரே ஹபரணையில் விடச் சொல்கிறார்.

அந்த நண்பரின் புறாக்களை முதலில் விடச் சொல்லுங்கள்.

தூரத்தை யோசிப்பதற்கு முன் குஞ்சுகள் கூட்டம் சேர்ந்து கண்ணுக்கு எட்டாமல் போய், அரை மணி, முக்கால் மணி கழித்துத் திரும்ப வேண்டும். அது வராமல் பெட்டியில் ஏற்றாதீர்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அது வரும். பிறகு 2, 5, 10, 15, 25, 40 என்று கிலோமீற்றரைக் கூட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவையாவது விடுங்கள். 10இல் சிதறி வந்தால் 15க்குப் போகாமல் 5க்குத் திரும்புங்கள். ஹபரணை வழியில் கந்தளாய்க்கு அப்பால் காடு. அங்கே இறங்கிய குஞ்சு உங்களுக்கில்லை. கந்தளாயிலிருந்து மூன்று தடவை ஒழுங்காக வந்த பிறகே ஹபரணை.

விடும் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன் பின். வெறும் வயிற்றில் ஏற்றுங்கள், ஆனால் தண்ணீர் குடிக்கவிட்டு. பெட்டியைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பறவை வெளிச்சத்தைப் பார்க்கட்டும். பஸ்சிலிருந்து இறங்கிய கையோடு திறக்கிற அவசரத்தில்தான் பாதிக் குஞ்சு தொலைகிறது. மூடுபனியோ மழை இருட்டோ இருந்தால் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக, ஐந்து நிமிட இடைவெளியில் விடுங்கள். கூட்டத்தோடு மட்டும் பறந்து பழகிய புறா, கூட்டம் பிரியும் இடத்தில் தவறான கூட்டத்தோடு போகும்.

மூதூர்: திருகோணமலைப் பட்டணத்துப் புறாவை மூதூரில் விட்டால் கொட்டியாரக் குடாவைத் தாண்டுமா?

பழகியது தாண்டும். குஞ்சு தயங்கி வட்டமிடும், கரையோரமாகச் சுற்றிப் போகப் பார்க்கும். பதின்மூன்று கிலோமீற்றரை ஒரு மணித்தியாலம் எடுத்தது என்று கோபிக்காதீர்கள். முதல் பழக்கத்துக்குத் தண்ணீர் வழி வேண்டாம்.

நிலாவெளி: ஹபரணையில் விட்டோம். பட்டணத்துப் புறா என் புறாவுக்கு நாலு நிமிடம் முந்திக் கூட்டுக்கு வந்தது. முதலிடம் எனக்கு என்கிறார்கள். எனக்கே விளங்கவில்லை.

யார் முதலில் வீடு சேர்ந்தார் என்பதைப் பார்ப்பதில்லை. கூட்டுக்குக் கூடு தூரம் வேறு. ஆகவே மீற்றரை நிமிடத்தால் பிரிக்கிறார்கள். பட்டணத்துக் கூடு 79.2 கிலோமீற்றர், 66 நிமிடம்: நிமிடத்துக்கு 1,200 மீற்றர். உங்கள் கூடு ஏறக்குறைய 86.7, 70 நிமிடம்: 1,239. வென்றது நீங்கள்தான்.

கூட்டின் ஆயத்தொலைவை (ஜிபிஎஸ் எண்ணை) இறங்குபலகையில் நின்று எடுங்கள், வீட்டுக் கேற்றில் நின்றல்ல. நூறு மீற்றர் பிழை ஐந்து விநாடிக்குச் சமம். ஐந்து விநாடியில் பரிசு கைமாறும். இன்னொன்று: ஹபரணை தென்மேற்கில் இருக்கிறது. ஆடியில் கச்சான் பின்னால் தள்ளும்போது வருகிற வேகத்தைப் புறாவின் கணக்கில் எழுதாதீர்கள். அதே காற்று யாழ்ப்பாண வழிப் புறாவுக்குப் பக்கவாட்டில் அடித்துக் கடலுக்குத் தள்ளும். அந்த வழியில் நிமிடத்துக்கு 1,000 எடுத்த புறாவை நான் மேலாக மதிப்பேன்.

பெயர், ஊர் இல்லை: என் புறாவுக்குச் சுகமில்லை. என்ன மருந்து? அவசரம்.

எனக்கும் தெரியாது. வயது, எத்தனை புறாக்களில் எத்தனைக்கு, எத்தனை நாளாக, எச்சத்தின் நிறம், வாயைத் திறந்து பார்த்தீர்களா, காலையில் தீனிப்பை காலியா நிறைவா, என்ன தீனி, புதிய புறா எதுவும் கூட்டுக்குள் வந்ததா, எல்லாம் எழுதுங்கள். அவசரமென்றால் கடிதம் எழுதுவதை விட்டுக் கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சாம்பல்தீவு: குஞ்சின் வாய்க்குள் மஞ்சளாகக் கட்டி. இன்னொன்றுக்குக் கண்ணிமையில் பரு. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

இரண்டும் வேறு. தொண்டையில் வெண்ணெய்க்கட்டிபோல மஞ்சளாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் கேங்கர். தாய் தகப்பன் தீனிப்பையிலிருந்து ஊட்டும் புறாப்பாலிலும் பொதுத் தண்ணீரிலும் பரவும் ஒட்டுண்ணி. கட்டியைக் குச்சியால் பெயர்க்காதீர்கள், இரத்தம் வந்தால் குஞ்சு போய்விடும். மெட்ரோனிடசோல் வகை மருந்து கேட்கும். நிறை பார்த்து அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை, கூட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில், சொன்ன நாள் முழுதும். மூன்றாம் நாள் தீனி எடுக்கிறதென்று நிறுத்துபவர்கள்தான் அடுத்த மாதம் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

இமையிலும் அலகோரத்திலும் காலிலும் பரு வந்தால் அம்மை. அதைக் கொண்டுவருவது நுளம்பு. மாரி மழை பெய்தால் நம் கூடுகளில் அம்மை நிச்சயம். வைரஸ், ஆகவே கொல்லும் மருந்து இல்லை. பருவில் அயடீன் தொட்டு வையுங்கள், மூன்று நாலு கிழமையில் காய்ந்து விழும். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், கம்பிவலைக்கு உள்ளே நுளம்புவலை அடியுங்கள். ஒரே குஞ்சுக்கு வாயிலும் மஞ்சள், இமையிலும் பரு என்றால் அம்மை வாய்க்குள்ளும் இறங்கியிருக்கலாம். அதை வைத்தியர் பார்க்கட்டும்.

சீனன்குடா: கழுத்து முறுக்கி, தலைகீழாகப் பார்க்கிறது. தானியத்தைக் கொத்தினால் பக்கத்தில் கொத்துகிறது. எச்சம் தண்ணீராக.

பரமிக்ஸோ வைரஸ் நோய் போலத்தான் தெரிகிறது. உடனே பிரியுங்கள். தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. ஆழமான டின்னில் நிறையத் தீனி வையுங்கள். தவறிக் கொத்தினாலும் ஏதாவது வாயில் அகப்படும். பல புறாக்கள் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தேறும். சிலதுக்குக் கழுத்துச் சாய்வு நிலைத்துவிடும். அன்ரிபயோட்டிக் இதை ஒன்றும் செய்யாது. கோழிக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு நிம்மதியாக இராதீர்கள். புறாவுக்கு அது நம்பகமான காப்பு இல்லை. கழுத்துத் தோலின் கீழ் போடும் கொல்லப்பட்ட தடுப்பூசிதான் காப்பு. அதுவும் நோய் வருமுன். வீட்டில் கோழி இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இது கோழிக் கழிச்சலின் உறவு.

திருகோணமலை நகர்: மகளின் கல்யாணம். மண்டபத்தில் இரவு வரவேற்பில் பொண்ணு மாப்பிள்ளை கையால் 25 வெள்ளைப் புறா பறக்கவிட ஆசை. மலிவாக எங்கே வாங்கலாம்?

வாங்காதீர்கள். இந்தக் கேள்வி வருடத்துக்கு வருடம் கூடுகிறது. முன்பு பாடசாலை விளையாட்டுப் போட்டி, பிறகு கட்டடத் திறப்பு விழா, இப்போது கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா வரை வந்துவிட்டது.

கடையில் ‘வெள்ளைப் புறா’ என்று விற்பது என்ன? பாதி விசிறிவால். வாலில் முப்பது இறகை விரித்துக்கொண்டு கூரை உயரம் ஏறுவதே அதற்குக் கஷ்டம். மற்றப் பாதி, சின்ன உடம்பும் மெல்லிய கழுத்துமாக இருக்கும் ஜாவாப் புறா. கூண்டில் பிறந்து கூண்டில் தின்ற பறவை, வெளியே தானியம் தேடவே தெரியாது. இரண்டுக்கும் வீடு திரும்பும் குணம் இல்லை. வானத்தை நோக்கி எறிகிறீர்கள், எல்லாரும் கைதட்டுகிறார்கள், பறவை அடுத்த மதிலில் இறங்குகிறது. விடிய முதல் காகம், பிறகு பூனை. வெள்ளை நிறம் வேறு, வல்லூற்றுக்குத் தேடும் வேலையே இல்லை. இரண்டு மூன்று நாள் தப்பினாலும் பசியில் சாகும். இதற்கு ‘சமாதானம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இரவு என்பது அதைவிட மோசம். புறா இருட்டில் பறக்காது. ஹோமரே ஆனாலும் இரவு ஏழரைக்கு விட்டால் வெளிச்சத்தைச் சுற்றி மோதும், வயரில் அடிபடும், கிடைத்த கூரையில் ஒடுங்கும். அதோடு பட்டாசு. அன்பான ஒரு தகப்பன் இதைக் கேட்கிறீர்கள் என்று தெரியும், ஆகவே வழியையும் சொல்கிறேன்.

வெள்ளை ஹோமர் வைத்திருக்கிற ஒருவரைப் பிடியுங்கள். புறாவை விலைக்குக் கேட்காதீர்கள், அவரையே கொண்டுவந்து விடச் சொல்லிக் கூலி கொடுங்கள். அவருடைய கூடு 40 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும், அந்த வழியில் புறா ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். முகூர்த்தம் காலையில்தானே? தாலி கட்டி முடிந்து வெளியே வரும்போது விடுங்கள். மாலை என்றால் பொழுது படக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் மிச்சம் இருக்க வேண்டும். மழையோ பலத்த காற்றோ இருந்தால் விடுவதில்லை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். படம் பிடிப்பவரின் நெருக்குதலுக்கு மடங்காதீர்கள். 25 தேவையில்லை, பத்துப் போதும். நிறம் பூசுவது, மினுமினுப்புத் தூவுவது, காலில் ரிபன் கட்டுவது ஒன்றும் வேண்டாம். பெட்டியைப் பந்தலுக்குள் அல்ல, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். பொண்ணின் கையில் கொடுப்பதானால் கால் இரண்டும் விரலிடுக்கில், பெருவிரல் முதுகுச் சிறகின் மேல். முதல் நாளே பழக்குங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கழிந்து கூறைச் சேலையில் விழும், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

உப்புவெளி: நெல்லும் மிச்சப் பாணும் கொடுக்கிறேன். போட்டிக்குப் போதுமா?

பாண் வேண்டவே வேண்டாம். நெல் தனியாக என்றால் உமிதான் மிஞ்சும். பத்துக் கிலோ கலவைக்கு: சோளன் மூன்றரை, பயறும் கௌபியும் சேர்த்து இரண்டரை, இறுங்கு ஒன்றரை, நெல் ஒன்றரை, தோல் நீக்கிய பச்சைக் கச்சான் (நிலக்கடலை) அரை, சூரியகாந்தி அரை. புறா ஒன்றுக்கு நாளைக்கு 30 முதல் 35 கிராம். தூரப் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன் சோளனையும் கச்சானையும் சற்றுக் கூட்டலாம். குஞ்சு ஊட்டும் காலத்தில் பயறைக் கூட்டுங்கள். நொறுக்கிய சிப்பி, செங்கல் தூள், கரி, கொஞ்சம் உப்பு எப்போதும் தனிக் கிண்ணத்தில், நனையாமல்.

சோளனைக் கையில் அள்ளி மணந்து பாருங்கள். பூஞ்சண நெடி அடித்தால் காயவைத்துக் கொடுக்கப் பார்க்காதீர்கள், நஞ்சு வெயிலில் போகாது. சாக்கை மூடிய டின்னில் வையுங்கள். வெளியே வைத்தால் எலி, நகருக்குள் என்றால் மான்கூட வந்து பங்கு கேட்கும்.

குச்சவெளி: புதிதாகக் கூடு அடிக்கிறேன். எந்தப் பக்கம் பார்த்து?

தென்கிழக்கு. காலை வெயில் உள்ளே விழும்; வாடைக்காற்று மழை முகத்தில் அடிக்காது, கச்சானின் சூடும் நேரே வராது. வடகிழக்குச் சுவரும் தென்மேற்குச் சுவரும் பலகையால் அடைப்பு. காற்று மேலே ஓட்டின் கீழால் போகட்டும், இருக்கையின் மட்டத்தில் வீசக்கூடாது. தரை நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில். வலை அரை அங்குலம். முக்கால் அங்குலத்தில் எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். வெறும் தகரக் கூரை என்றால் மேலே கிடுகு போடுங்கள். எட்டடிக்கு ஆறடிக் கூட்டில் இருபது புறா. நாற்பது வைத்தால் சுவாச நோய்க்கு மருந்து கேட்டு எழுதுவீர்கள், நான் ஈரத்தைப் பற்றியே திருப்பிச் சொல்வேன்.

பாலையூற்று: கண்மணியின் வளையத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்லலாமா?

முடியாது. போட்டிப் பெறுபேற்றைப் பாருங்கள்.

ஈச்சிலம்பற்று: முதல் முட்டை இட்டு ஒரு நாளாகிவிட்டது, இரண்டாவது இல்லை.

ஏறக்குறைய 44 மணித்தியாலம் ஆகும். தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். இரண்டாவது இட்டதிலிருந்து 17, 18 நாளில் பொரிக்கும். கால் வளையம் ஏழாம் நாள் போல: முன் விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின் விரலைக் காலோடு மடக்கி மெதுவாக வெளியே எடுங்கள். பத்து நாள் தாண்டி, போகாவிட்டால் விட்டுவிடுங்கள். காலை முறிப்பதைவிட வளையம் இல்லாத புறா மேல்.

கன்னியா: வளையம் போட்ட புறா ஒன்று எங்கள் வீட்டில் இறங்கியது. நான் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கூட்டுக்குள் சேர்க்காமல் தனிப்பெட்டியில் தண்ணீரும், ஒரு மணித்தியாலம் கழித்துக் கொஞ்சம் தானியமும் கொடுத்து, ஒரு நாள் இரண்டு நாள் ஓய்வு விடுங்கள். வளையத்து எழுத்தையும் எண்ணையும் குறித்துத் தெரிந்த புறாக்காரரிடம் சொல்லுங்கள். தேறியதும் காலையில் திறந்துவிடுங்கள். சிறகை வெட்டாதீர்கள்.