வாசகர் கேள்வி பதில்: மார்க்கோ போலோவை எதுவரை நம்பலாம்?

கேள்வி: 13-ஆம் நூற்றாண்டு வெனிஸ் பயணி மார்க்கோ போலோ சீனாவுக்கே போகவில்லை, பாரசீக வணிகர்களிடம் கேட்டதைத்தான் பயணநூலாகச் சொல்லி எழுதவைத்தார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பழைய சந்தேகம்தான். அதை ஊரறியச் செய்தது பிரிட்டிஷ் நூலகத்தின் சீனப் பிரிவில் இருந்த பிரான்சஸ் வுட் 1995-இல் எழுதிய நூல். அவர் வாதத்தின் பலமெல்லாம் ‘இல்லாதவற்றில்’ இருக்கிறது. பெருஞ்சுவர் இல்லை, தேநீர் இல்லை, பெண்களின் பாதத்தைச் சிறுக்கவைக்க இறுகக் கட்டும் பாதக்கட்டு இல்லை, சீன ஆவணங்களில் போலோவின் பெயரும் இல்லை.

இன்று படங்களில் பார்க்கும் செங்கல் சுவர் மிங் அரசர்கள் கட்டியது. மிங் ஆட்சியே 1368-இல்தான் தொடங்குகிறது. போலோ ஊர் திரும்பியது 1295-இல். அவர் காலத்தில் இருந்தவை இடிந்துபோன பழைய மண்சுவர்கள். அவருக்குப் பின் சீனா சென்ற ஓடோரிக் பாதிரியாரும் சுவரைப் பற்றி மூச்சுவிடவில்லை, ஆனால் அவர் பயணத்தை இதற்காக யாரும் மறுப்பதில்லை. பாதக்கட்டு வசதியான சீனக் குடும்பங்களின் உள்வீட்டு வழக்கம்; போலோ பழகியதோ மங்கோலியரோடும் பாரசீகரோடும். தேநீர் மட்டும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இல்லாததை விட்டு, இருப்பதைச் சோதிப்பதுதான் சரியான வழி. காகிதப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மல்பெரி மரத்தின் உட்பட்டையில் செய்த கறுத்த தாள், அகலத்தைவிட நீளம் கூடுதல், அதிகாரிகளின் பெயர், மேலே சிவப்பு முத்திரை, கள்ளநோட்டு அடித்தால் மரண தண்டனை என்கிறார். நைந்த நோட்டைப் புதிதாக மாற்ற 100-க்கு 3 கழிவு என்றும் சொல்கிறார். சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் ஆட்சி வைத்த விதியும் 1,000 காசுக்கு 30 என்பதே. தென்மேற்குச் சீனாவின் யுன்னானில் நோட்டுக்குப் பதில் சோழியும், முத்திரை குத்திய உப்புக்கட்டியும் புழங்கியதைப் பிரித்துச் சொல்கிறார். இந்த நுணுக்கம் அக்காலத்து வேறெந்த ஐரோப்பிய, பாரசீக, அரபு எழுத்திலும் இல்லை என்பதை ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ் உல்ரிச் ஃபோகல் 2013-இல் விரிவாகக் காட்டினார். பார்த்து எழுத ஒரு மூலநூலே இல்லாதபோது எதைப் பார்த்து எழுதியிருப்பார்?

இன்னொரு சான்று 1941-இல் வந்தது. பாரசீகத்துக்கு ஓர் இளவரசியை அழைத்துப்போக வந்த மூன்று தூதர்களுடன் கடல்வழியே ஊர் திரும்பியதாகப் போலோ சொல்கிறார். மூவர் பெயரையும் தருகிறார். அந்தத் தூதுக்குழுவுக்கு உணவுப்படி வழங்குவது பற்றிய 1290-ஆம் ஆண்டு ஆணை ஒன்றைச் சீன வரலாற்றாளர் யாங் ஜிஜியூ பழைய கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்டெடுத்தார். மூன்று பெயரும் ஒத்துப்போயின. போலோவின் பெயர் அதில் இல்லை. ஆணை பேசுவது 160 பேரை. போலோ சொல்வது மாலுமிகள் நீங்கலாக 600 பேர். பெயர் பொருந்துகிறது, எண் பொருந்தவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

கேள்வி: அப்படியானால் அவர் சொன்னதை முழுதாக ஏற்கலாமா?

பதில்: கூடாது. சியாங்யாங் கோட்டையை வீழ்த்திய கல்லெறி பொறிகளைத் தாங்களே செய்வித்ததாகப் புத்தகம் சொல்கிறது. கோட்டை விழுந்தது 1273-இல். போலோக்கள், அதாவது மார்க்கோவும் தந்தையும் சித்தப்பாவும், மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் அவைக்கு வந்தது 1275 வாக்கில். பொறி செய்தவர்கள் மேற்கிலிருந்து வரவழைக்கப்பட்ட இஸ்மாயில், அலாவுதீன் என்று யுவான் வரலாறு பெயர் சொல்கிறது. இது கலப்படமற்ற பீற்றல்.

யார் பீற்றியது என்பதுதான் கேள்வி. 1298-இல் ஜெனோவா சிறையில் போலோ சொல்லச் சொல்ல எழுதியவர் பீசா நகரத்து ருஸ்டிகெல்லோ. ஆர்தர் மன்னன் வீரக்கதைகளைத் தொகுத்துப் பழகிய கை. போர் வரும் இடமெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதற்கு அவரே காரணம். யாங்ஜோ நகரை மூன்றாண்டு ‘ஆண்டார்’ என்பது வேறு வகை. சில கைப்பிரதிகளில் அந்த வினைச்சொல்லே இல்லை. ‘தங்கினார்’ என்பது ஏடு பெயர்த்தவர் கையில் ‘ஆண்டார்’ ஆகியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

எண்கள் இன்னும் மோசம். பெய்ஜிங் அருகே அவர் பெயரால் வெளிநாட்டார் அழைக்கும் பாலத்துக்கு 24 வளைவு என்கிறார், இன்றிருப்பது 11. ரோமன் எழுத்தில் எழுதிய எண்ணில் ஒரு கோடு கூடினாலோ குறைந்தாலோ கணக்கே மாறிவிடும். ஹாங்ஜோவில் 12,000 பாலம் என்ற புகழ்பெற்ற வரி அவர் எண்ணியதே அல்ல. அந்நகரைத் தலைநகராகக் கொண்ட சோங் நாட்டு அரசி மங்கோலியத் தளபதிக்கு எழுதி அனுப்பிய விவரம் என்று அவரே மூலத்தைச் சொல்லிவிடுகிறார். அதைப் படிக்காமல் தாண்டிப்போவது நம் தவறு.

கேள்வி: பாண்டிய நாட்டைப் பற்றி அவர் எழுதியது கல்வெட்டுகளோடு பொருந்துகிறதா?

பதில்: ‘மாபார்’ என்று அவர் சொல்லும் இந்தப் பகுதி அவரைச் சோதிக்க நல்ல இடம். ஐந்து சகோதரர்கள் ஆள்கிறார்கள், ஒருவன் ‘சுந்தர பாண்டி’, காயல் துறைமுகம் மூத்தவனான ‘ஆஷர்’ கையில் என்கிறார். முதலாம் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் பல பாண்டியர் ஒரே சமயத்தில் ஆட்சியாண்டு பொறித்துக்கொண்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆஷர் என்பது குலசேகரன் என்ற பெயரின் தேய்வு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். கூட்டாட்சி சரி. எல்லோரும் உடன்பிறந்தார் என்பதைத் துறைமுகப் பேச்சாகவே கொள்ள வேண்டும்.

குதிரை வணிகத்தில் அவருக்குத் துணைச்சாட்சி உண்டு. ஹொர்முஸ், கைஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகள் வருகின்றன. பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார். பாரசீக வரலாற்றாளர் வசாஃப் தனியாக எழுதியதும் அதே கதைதான்: நெய்யில் வறுத்த வாற்கோதுமை, காய்ச்சிய பசும்பால், சீக்கிரச் சாவு. தீனியின் பெயர் வேறு, செய்தி ஒன்று. விலையில் மட்டும் இருவரும் பிரிகிறார்கள். வசாஃப் 220 தினார் என்கிறார்; போலோ 500 சாஜியோ பொன் என்கிறார். ஒரு சாஜியோ என்பது அவுன்ஸில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு தினார் எடை. ஆகப் போலோவின் விலை இரண்டு மடங்குக்கு மேல். ஏற்றிச் சொன்ன விலை வியாபாரி வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

கடன்காரனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் கோடு கிழித்தால், தீர்க்காமல் அவன் கோட்டைத் தாண்டக்கூடாது என்ற வழக்கம் பலருக்குக் கட்டுக்கதையாகத் தோன்றும். ஆனால் அரசனையே ஒரு வணிகன் அப்படி நிறுத்தியதை ‘நேரில் கண்டதாக’ இங்கே தெளிவாகக் குறிப்பு உண்டு. இரு நூற்றாண்டு கழித்து வந்த இத்தாலியப் பயணி வர்தேமா கோழிக்கோட்டில் ஏறக்குறைய இதையே பதிவு செய்கிறார். குமரிக்கு அப்பால் 30 மைல் கடலில் போனால் துருவ நட்சத்திரம் நீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தெரியும் என்பதும் கப்பலில் நின்று பார்த்தவர் பேச்சு. குமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில்தான் இருக்கிறது. நட்சத்திரம் அவ்வளவு தாழ்வாகத்தான் நிற்கும்.

வடக்கே ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளிக்குப் போனதும் சறுக்குகிறார். அங்கே ஆள்பவள் இறந்த அரசனின் மனைவி, 40 ஆண்டாக ஆள்கிறாள் என்கிறார். அங்கே ஆண்ட காகதிய அரசி ருத்ரமாதேவி, முன்னிருந்த அரசன் கணபதிதேவனின் மகள். ஆட்சியும் அத்தனை ஆண்டு நீளவில்லை. பெண் ஆண்டது உண்மை, உறவுமுறை பிழை. பாம்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சியை எறிந்து கழுகுகளைக் கொண்டு வைரம் எடுக்கும் கதையின் முன்வடிவை, வேறொரு மணிக்கல்லை வைத்து, நான்காம் நூற்றாண்டிலேயே எபிபானியஸ் என்ற ஆயர் எழுதிவிட்டார். அதற்கு முன்னால், மழைவெள்ளம் வடிந்தபின் ஓடைப்படுகையில் பொறுக்குவார்கள் என்று போகிறபோக்கில் சொல்கிறாரே, அதுதான் தகவல்.

கேள்வி: சொந்தமாகச் சரிபார்க்க விரும்பும் வாசகர் எங்கே தொடங்குவது?

பதில்: பாடபேதத்தில், அதாவது பிரதிக்குப் பிரதி வரிகள் மாறுவதில். மூலப்பிரதி தொலைந்துவிட்டது, எஞ்சியவை சுமார் 150 கைப்பிரதிகள், ஒன்றுபோல் ஒன்றில்லை. பாரிஸில் உள்ள பிரெஞ்சு-இத்தாலியக் கலப்புமொழிப் பிரதி மூலத்துக்கு மிக நெருக்கம். 1559-இல் இத்தாலியத் தொகுப்பாளர் ரமூசியோவின் அச்சுப் பதிப்பில் வேறெங்கும் காணாத பத்திகள் உண்டு. அவற்றை இடைச்செருகல் என்று தள்ளிவைத்தார்கள். 1932-இல் டொலேடோவில் கிடைத்த லத்தீன் பிரதியில் அவற்றில் பல இருந்தன. ஆகவே ஒரு வரி எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று காட்டும் 1938-ஆம் ஆண்டு மூல்–பெல்லியோ பதிப்பு போன்றதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த வரி ‘கண்டார்’ என்கிறதா, ‘சொல்கிறார்கள்’ என்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் பொற்கூரை முழுக்க இரண்டாம் வகை. அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. பிறகு அவரைப் படித்திராத ஒருவரின் பதிவோடு ஒப்பிடுங்கள். அவருக்குப் பின் வந்த ஐரோப்பியர் பலர் அவரிடமே கடன் வாங்கியவர்கள். அது இரண்டாம் சாட்சி ஆகாது.

கேள்வி: பயணத்துக்குப் பொருள் சாட்சி ஏதும் உண்டா?

பதில்: சித்தப்பா மஃபேயோ போலோ 1310-இல் எழுதிய உயிலில், பெரிய கான் தந்த மூன்று பொற்பட்டயங்கள் குறிப்பிடப்படுகின்றன. கானின் ஆட்களுக்கு வழியில் குதிரையும் சாப்பாடும் பெற்றுத்தரும் அனுமதிப் பட்டயம் அது.