படுக்கையில் எடுத்த எக்ஸ்-ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால்

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. காய்ச்சல், இருமலுடன் இருக்கும் அப்பாவுக்குப் படுக்கையிலேயே மார்பு எக்ஸ்-ரே எடுத்தார்கள். 'இதயம் பெரிதாகத் தெரிகிறது' என்று ரிப்போர்ட். இரண்டு மாதம் முன்பு நின்றபடி எடுத்த படத்தில் அப்படி இல்லை. பயமாக இருக்கிறது. படத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு படங்களிலும் இதயத்தின் அளவை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. நின்று எடுக்கும்போது நெஞ்சு படம் பதியும் தகட்டை ஒட்டியிருக்கும். கதிர் சுமார் 180 செ.மீ. தள்ளி, முதுகுப் பக்கமிருந்து வரும். இது பிஏ. படுக்கையில் தகடு முதுகுக்கு அடியில். கதிர் முன்பக்கமிருந்து, ஏறக்குறைய 100 செ.மீ. தூரத்தில். இது ஏபி. இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் தகட்டை விட்டு விலகிவிடுகிறது. சுவரில் டார்ச் அடித்து, நடுவில் வைத்த கையைச் சுவரிலிருந்து மெல்ல விலக்குங்கள். நிழல் பெருப்பது தெரியும். இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு பிஏ படத்துக்கானது. அதே சமயம் கால் வீக்கமோ, படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) தேவைப்படலாம்.

இனி வரிசை. பெயர், தேதி, வலது இடது மார்க்கர். அடுத்து, படம் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் நடுவிலுள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். உடல் திரும்பியிருந்தால் ஒரு நுரையீரல் அதிகக் கறுப்பாகும், மூச்சுக்குழாய் நகர்ந்தது போலத் தோன்றும். முன்பக்க விலா எலும்புகளில் 5 முதல் 7 வரை உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே எண்ண முடிந்தால் மூச்சை நன்றாக இழுத்திருக்கிறார். இல்லையென்றால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி வெளுத்து, நிமோனியா போலவே காட்டும்.

பிறகு மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரல்களை மேல், நடு, கீழ் என்று பிரித்து, ஒவ்வொரு மட்டத்திலும் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்.

காய்ச்சல் நோயாளியிடம் ஓரங்களை விடாதீர்கள். காற்று நிறைந்த நுரையீரல் ஒட்டியிருப்பதால்தான் இதயத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறது. அந்தக் காற்றின் இடத்தைச் சளியோ சீழோ பிடித்தால் ஓரம் அழிந்துவிடும். இதயத்தின் வலது ஓரம் மங்கினால் வலது நுரையீரலின் நடு மடல் (மடல் என்பது நுரையீரலின் ஒரு பிரிவு), இடது ஓரம் மங்கினால் இடது மேல் மடலின் கீழ்ப்பகுதி, உதரவிதானக் கோடு மங்கினால் கீழ் மடல் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

நின்று எடுத்த பிஏ படத்தில் விலாவோர மூலை (விலா எலும்புகளும் உதரவிதானமும் சேரும் கூர்மையான இடம்) மழுங்குவதற்கே நுரையீரலைச் சுற்றி ஏறக்குறைய 200 மி.லி. நீர் சேர்ந்திருக்க வேண்டும். படுத்திருப்பவரிடம் நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும். மூலை கூர்மையாகவே இருக்கலாம், அந்தப் பக்கம் முழுவதும் லேசாகப் புகை மூட்டம் போட்டது போல மட்டும் தெரியும்.

ஒரு குறையைக் கண்டதும் கண் தேடுவதை நிறுத்திவிடும். அதனால் கடைசியாக நான்கு இடங்களுக்குத் திரும்பிப் போங்கள்: காறை எலும்புக்குப் பின்னாலுள்ள நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, எலும்புகள்.

மருத்துவர் மறுபடம் எடுக்கச் சொன்னால், அப்பாவால் நிற்க முடிகிற நாளாகப் பார்த்து பிஏ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இதயத்தை அந்தப் படத்தில் அளக்கலாம்.