கோடையில் டெம்பே பிசுபிசுத்தால் ஸ்டார்டரைக் கூட்டாதீர்கள்

கேள்வி: சோயா பயற்றில் பூஞ்சை பிடிக்கவைத்துக் கட்டியாக்கும் இந்தோனேசிய உணவான டெம்பேயை, ஆன்லைனில் ஸ்டார்டர் (அந்தப் பூஞ்சையின் வித்துப் பொடி) வாங்கி வீட்டிலேயே செய்கிறேன். ஜனவரியில் வெள்ளையாக, கட்டியாக வந்தது. பையில் குத்திய துளைகளைச் சுற்றி மட்டும் கறுப்புப் புள்ளிகள். மே மாதம் அதே அளவில் செய்தேன். ஒரே நாளில் நடுப்பகுதி பிசுபிசுத்து, அமோனியா நெடி தூக்கியடித்தது. விற்றவரைக் கேட்டால், "ஸ்டார்டரை இரண்டு மடங்கு போடுங்கள், தேங்காய்த் துருவல் கலந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்" என்கிறார். அப்படிச் செய்யலாமா? (மதுரை வாசகி)

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். முதல் யோசனையால் பயறு வீணாகும். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

ஜனவரியில் பார்த்த கறுப்புப் புள்ளிக்குக் கவலை வேண்டாம். டெம்பேயைக் கட்டியாக்கும் ரைசோபஸ் பூஞ்சை, காற்று அதிகம் படும் இடத்தில் முற்றி வித்து விடும்; அந்த வித்தின் நிறம்தான் கறுப்பும் சாம்பலும். தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம். மே மாதச் சரக்கு வேறு. நன்றாகப் பிடித்த டெம்பே இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருந்தால் லேசாக அமோனியா வாடை வரும்; ஜாவாவில் அப்படி முற்றவிட்டதைச் சம்பலில் சேர்த்துச் சமைக்கிறார்கள். ஆனால் ஒரே நாளில், கட்டியாக இறுகும் முன்பே பிசுபிசுத்து நூல் விட்டால் அது பாக்டீரியாவின் வேலை. அதையும், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறம் தட்டியதையும் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் முழுதாக எறிந்துவிடுங்கள்.

ஸ்டார்டர் ஜனவரியில் வேலை செய்திருக்கிறது. பொட்டலத்தை உலர்வாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் அதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. கெடுத்தது சூடும் ஈரமும்.

இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த சூடு 30 முதல் 32 டிகிரி. முதல் 12 மணி நேரம் அதற்கு வெளியிலிருந்து கதகதப்பு வேண்டும். பிறகு தானே சூட்டைக் கக்கத் தொடங்கும். அறையே 36, 37 டிகிரியில் கொதிக்கும்போது கட்டியின் நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டிவிடும். பூஞ்சை அங்கே சோர்ந்துபோகும். பயற்றை வேகவைத்தும் சாகாமல் வித்தாக ஒளிந்திருந்த பாக்டீரியா அந்தச் சூட்டில்தான் கொழிக்கும். இந்த நிலையில் ஸ்டார்டரை இரட்டித்தால் பூஞ்சை இன்னும் வேகமாக வளர்ந்து இன்னும் சீக்கிரம் சூடேறும். விற்றவருக்குப் பொட்டலம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

கோடைக்கு முதல் மாற்றம் நேரத்தில். பலர் மாலையில் கலந்து இரவு முழுக்க வைக்கிறார்கள். சூடு கக்கும் கட்டம் மறுநாள் உச்சிவெயிலில் வந்து விழுகிறது. காலை எட்டு மணிக்குக் கலந்து பையில் போடுங்கள். அறையில் இருக்கும் பகல் சூடே முதல் கட்டத்துக்குப் போதும். இரவு எட்டு மணி வாக்கில் பையைத் தொட்டால் சுடும், உள்பக்கம் வியர்த்திருக்கும். அப்போது பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் கம்பி வலைத்தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி, ஃபேன் காற்றில் வையுங்கள். கட்டியின் கனம் குளிர்காலத்தில் 3 செ.மீ. இருக்கலாம், மே மாதத்தில் 2 செ.மீ. போதும். குத்தும் வகைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நடுவில் 38 காட்டினால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.

இனி ஈரம். பெரும்பாலான தோல்விக்கு இதுதான் காரணம், யாரும் நம்புவதில்லை. 250 கிராம் சோயா பயற்றை மில்லில் கொடுத்து இரண்டாக உடைபடும்படி ஓட்டி, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிவிடுங்கள். தோலைத் துளைத்துப் பூஞ்சையால் உள்ளே போக முடியாது. 8 மணி நேரம் ஊறவைத்து, மிதக்கும் மிச்சத் தோலை வழித்தெடுத்து, புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் 30 முதல் 40 நிமிடம் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. குக்கரில் விசில் விட்டுப் பருப்பு மாதிரி மசித்துவிட்டால் இடுக்கில் காற்றே போகாது. வெந்ததும் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டுக் கிளறி வடியுங்கள். அந்தப் புளிப்பு பாக்டீரியாவை அடக்கும். உப்பு, மஞ்சள் எதுவும் இப்போது வேண்டாம்.

வடித்ததை வெறும் வாணலியில் மிதமான தீயில் புரட்டி, பிறகு துணியில் பரப்பி ஃபேன் போடுங்கள். ஒரு பிடி எடுத்து உலர்ந்த துணியில் அழுத்தினால் துணியில் ஈரம் படக் கூடாது. கையில் வெதுவெதுப்பாக, 35 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் ஸ்டார்டர். பொட்டலத்தில் அளவு இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் இந்த அளவுப் பயற்றுக்கு அரைத் தேக்கரண்டி. ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். ஜிப் பையில் ஒரு செ.மீ. இடைவெளியில் இரு பக்கமும் ஊசித்துளை போடுங்கள். வாழை இலையில் கட்டினால் துளை வேண்டாம். 24 முதல் 36 மணி நேரத்தில், வெட்டினால் உதிராத கட்டியாகிவிடும். ஆனதும் ஆவியில் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

ஸ்டார்டர் வியாபாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தோனேசியாவின் பாண்டுங்கில் தயாராகும் ராப்ரிமா போன்ற செறிவான பொடி கிலோ பயற்றுக்கு 2 கிராம் போதும். இடைத்தரகர்கள் பெரிய பொட்டலத்தைப் பிரித்து, அரிசி மாவு கலந்து, தேதியே இல்லாத குட்டிப் பைகளாக விற்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டு டெம்பேயைக் கறுக்கவிட்டு, காயவைத்துப் பொடித்து அனுப்புகிறார்கள். அதில் என்னென்ன கிருமி சேர்ந்து வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. வெள்ளை வட்ட வில்லையாக வந்தால் அது 'தபாய்' என்ற புளிக்கவைத்த அரிசிப் பண்டம் செய்யும் ஈஸ்ட், டெம்பேக்கு உதவாது. 'பி12 நிறைந்தது' என்ற விளம்பரத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். பி12 தருவது உடன் வளரும் சில பாக்டீரியா, பூஞ்சை அல்ல. தூய ஸ்டார்டரில் செய்த வீட்டு டெம்பேயை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு டெம்பேக்கான ஆசிய வட்டாரத் தரநிலையை 2013இலேயே கொண்டுவந்துவிட்டது. இங்கே உணவுப் பொட்டலத்தில் தேதியும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இருந்தும் பெயரில்லாத பை வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சோதித்துப் பார்க்கும் வேலை அடுப்படியில் நிற்பவர் தலையில் விழுகிறது. புதுப் பொட்டலம் வாங்கினால் முதலில் 50 கிராம் பயற்றில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தேங்காய். மத்திய ஜாவாவின் பன்யூமாஸ் பகுதியில் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் பால் பிழிந்த சக்கையிலும் 'டெம்பே பொங்க்ரெக்' செய்துவந்தார்கள். அதில் பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியா புகுந்தால் பொங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சு உருவாகும். தேங்காய்க் கொழுப்பு அதற்குத் தோதான தீனி. வாடையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. பலர் செத்த பிறகு 1988இல் இந்தோனேசிய அரசு அந்த வகையையே தடைசெய்தது. ஆகவே பூஞ்சை பிடிக்கும் கட்டத்தில் துருவல், சக்கை, பிண்ணாக்கு எதையும், ஒரு கரண்டி அளவுகூட, எந்தப் பயற்றோடும் கலக்க வேண்டாம். ஆகி முடிந்த டெம்பேயைத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பதற்கும், தேங்காய்ப் பாலில் குழம்பு வைப்பதற்கும் தடை இல்லை. விற்றவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே கலந்து வைத்திருந்தால் ருசி பார்க்காமல் பையோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். கோழிக்கோ மாட்டுக்கோ கொட்ட வேண்டாம். யாராவது சாப்பிட்டிருந்தால், வாந்தியோ மயக்கமோ வரட்டும் என்று காத்திருக்காமல், என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லி நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.